தாண்டிக்குடித் தோட்டத்துக்கு ஒரு சின்னத் துப்பாக்கி: எதை வாங்கினோம், ஏன் வாங்கினோம்

தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவில் ஒரு சரிவில் இருக்கிறது. என் சித்தப்பாவுடையது. காபிதான் பிரதானம், அதற்குள்ளே மலைவாழையும் மிளகும், ஓடையோரம் கொஞ்சம் ஏலம், வீட்டை ஒட்டி சௌசௌ பந்தல், வேலி நெடுக பட்டர் ஃப்ரூட் மரங்கள். இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் இப்படிக் கலவையாகத்தான் இருக்கும். அதனால் கொறிக்கிற பிராணிகளுக்கு வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று விளைந்துகொண்டே இருக்கிறது. போன பருவத்தில் சேதம் பொறுக்க முடியாத அளவுக்குப் போனதும் சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டது இதுதான்: "ஏப்பா, நீ என்சிசியில சுட்டவன்தானே, அணில் அடிக்கிற மாதிரி சின்ன ரைஃபிள் ஒண்ணு, விலை கம்மியா, எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 4.5 மில்லிமீட்டர் துளை உள்ள, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்குகிற வகை இந்தியத் தயாரிப்பு ஏர் ரைஃபிள் ஒன்றை வாங்கினோம். நடுத்தர வேகம், சாதாரணக் குறிமுள், தொலைநோக்கி கிடையாது. அதுவும் அணிலுக்காக இல்லை, பெருச்சாளிக்காக. எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதை விவரமாக எழுதக் காரணம், இதே கேள்வியை மலையில் பலர் கேட்கிறார்கள், கடைக்குப் போனால் பதில் "எவ்வளவு பவர் வேணும்" என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. என் அபிப்பிராயத்தில் அது தலைகீழ். எந்தப் பிராணி, எத்தனை மீட்டர் தூரம், குண்டு தவறினால் பின்னால் என்ன இருக்கிறது, இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் துப்பாக்கி தானே முடிவாகிவிடும்.

வீடியோவில் பார்த்த துப்பாக்கி

சித்தப்பா மனதில் இருந்தது அமெரிக்க வீடியோக்களில் வரும் பாயின்ட் 17 எச்எம்ஆர் ரைஃபிள், அதாவது 0.17 அங்குல விட்டமுள்ள சின்னக் குண்டை அதிவேகத்தில் சுடுகிற வகை. அங்கே தரை அணில் என்று ஒரு பிராணி உண்டு. மரத்தில் வாழாது, புல்வெளியிலும் குதிரைமசால் வயலிலும் வளை தோண்டிக் கூட்டமாக இருக்கும். பகலில்தான் நடமாட்டம். குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறங்கிவிட்டு, குளிர் விடும்போது வெளியே வந்து வளை வாயில் நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்கும். ஓரிகான் கிழக்குப் பகுதி, வடக்குக் கலிஃபோர்னியா, மொன்டானா மாதிரி இடங்களில் வயலையே சல்லடையாக்கிவிடும். அங்கே விவசாயி சுடுகிற தூரம் 50 கஜத்திலிருந்து 150 கஜம் வரை. நிலம் விரிந்து கிடக்கும், சுற்று வட்டாரத்தில் ஆள் இருக்க மாட்டார்.

அந்தச் சூழ்நிலைக்கு அவர்களுடைய தேர்வு சரியானதுதான். 60, 70 கஜத்துக்குள் என்றால் பாயின்ட் 22 எல்ஆர் என்கிற 0.22 அங்குலத் தோட்டா, ஏனென்றால் அதன் விலை மிகக் குறைவு. அதைத் தாண்டினால் 2002இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த பாயின்ட் 17 எச்எம்ஆர். குண்டு 17 கிரெயின், அதாவது 1.1 கிராம் எடைதான், ஆனால் வினாடிக்கு ஏறக்குறைய 2550 அடி வேகத்தில் போகும், அதனால் பாதை நேராக இருக்கும். இன்னொரு விஷயம், அந்த மெல்லிய குண்டு பட்ட இடத்திலேயே சிதறிவிடும், தெறித்துப் பறக்கிற ஆபத்து குறைவு. ரைஃபிள்களில் சேவேஜ் மார்க் டூ, ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் மாதிரி எளிமையான போல்ட் வகைகள் (ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) அங்கே மலிவானவை என்று பெயர் எடுத்தவை. அங்கேயும் எல்லாத் தரை அணிலையும் சுட முடியாது. கலிஃபோர்னியாவின் மொஹாவி தரை அணிலும் வடக்கு ஐடஹோ தரை அணிலும் பாதுகாக்கப்பட்டவை. ஆக அமெரிக்க விவசாயிக்கும் முதல் வேலை, எதிரில் நிற்பது எது என்று அடையாளம் தெரிந்துகொள்வதுதான்.

நம் பழனி மலையில் தரை அணிலே கிடையாது. அதன் உறவு என்று சொன்னால் இமயமலையில் உள்ள மர்மோட், அவ்வளவுதான். நம்மிடம் இருப்பது மரத்து அணில்கள்: வரி அணில், பெரிய மலையணில், சில தாழ்வான காடுகளில் சாம்பல் நிற நரை அணில். சித்தப்பா "அணில்" என்று சொன்னபோதே என் முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

சேதம் யாருடையது

ஏலச் செடியின் அடியில் சரம் தரையோடு கிடக்கும். அங்கே காய்த் தோல் மட்டும் பிளந்து குவிந்து கிடந்தது, உள்ளே விதை இல்லை. இதை எலியும் செய்யும், அணிலும் செய்யும். வாழையின் கிழங்கு பக்கவாட்டில் தோண்டித் தின்னப்பட்டு இரண்டு மரம் சாய்ந்திருந்தது. குடோனில் காபிச் சாக்கு அடியில் கிழிசல். பட்டர் ஃப்ரூட் மட்டும் மரத்திலேயே தொங்கும்போது குடையப்பட்டிருந்தது.

துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்தோம். ஒன்று, பொழுது சாய்ந்து அணில்கள் அடைந்த பிறகு ஏலச் செடிகளைச் சுற்றி அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினோம். விடியும் முன்னால் போய்ப் பார்த்தால் சாம்பல் முழுக்கக் கால்தடம், வாலை இழுத்த கோடு நடுவில். இந்த அணில்கள் இரவில் வெளியே வராது, ஆகவே ஏலத்தில் கை வைப்பது இரவுக்காரர்கள். இரண்டு, தோட்டத்தில் கண்ணில் பட்ட வளை வாய் எல்லாவற்றையும் சாயங்காலம் மண்ணைப் போட்டு மிதித்து அடைத்தோம். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் குடியிருக்கிறது. இது எலி ஒழிப்பில் உள்ள பழைய முறை, செலவு எதுவும் இல்லை, இதைச் செய்யாமல் மருந்தோ பொறியோ வைப்பது இருட்டில் கல் எறிகிற வேலை. திறந்த வளைகள் பெரும்பாலும் வாழைக்கும் குடோனுக்கும் நடுவில் உள்ள கல்கட்டின் ஓரம் இருந்தன, வாயில் புது மண் குவியலோடு. தோட்டத்தில் ரொம்ப வருஷமாக வேலை செய்கிற பெரியவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பெருச்சாளிதாங்க, பெரிசு ஒண்ணு ரெண்டு இருக்கும், மத்ததெல்லாம் குட்டி போட்டதுங்க" என்றார். வளைக்குப் பக்கத்தில் கிடந்த புழுக்கையும் அதைத்தான் சொன்னது.

பட்டர் ஃப்ரூட்டை மட்டும் அணில்தான் தின்கிறது, பகலிலேயே பார்க்கலாம். அதற்குத் துப்பாக்கி வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தோம். பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, முற்றிய காயைப் பறித்து வைத்தால்தான் பழுக்கும். மரத்தில் விட்டு வைத்து என்ன பிரயோசனம்? முற்றியதும் தாமதிக்காமல் பறிப்பது, அடிமரத்தில் வழவழப்பான தகரப் பட்டை சுற்றுவது, பக்கத்து மரக் கிளை தொடாமல் கழிப்பது, இவை போதும். மீதியை அணில் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

சட்டம் என்ன விட்டுவைத்திருக்கிறது

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் பலர் "ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், அதனால் எதையும் சுடலாம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் தனித்தனிச் சட்டம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பது ஆயுதச் சட்டம். எந்தப் பிராணியைக் கொல்லலாம் என்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இரண்டாவதில் துப்பாக்கி பெரிசா சின்னதா என்ற பேச்சே இல்லை. கவணால் அடித்தாலும் வேட்டை வேட்டைதான், குறி தவறினாலும் முயற்சியே குற்றம். மலையணில், முயல், காட்டுக்கோழி, முள்ளம்பன்றி, மரநாய் எதுவும் நம் கணக்கில் வராது, அது நம் வேலிக்குள் நின்று நம் காயைத் தின்றாலும் சரி. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்ட பிறகு இந்த மலையில் பல தோட்டங்களுக்குக் காடு பக்கத்து வீடு மாதிரி ஆகிவிட்டது.

எலி விஷயம் வேறு. பழைய சட்டத்தில் எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் இந்த நான்கும் ஐந்தாம் பட்டியலில் தீங்குயிர்கள் என்று இருந்தன. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. ஆனால் பாதுகாக்கப்பட்ட பிராணிகளின் பட்டியலில் இவை சேராததால், தோட்டத்துப் பெருச்சாளியையும் எலியையும் பிடிக்கவோ கொல்லவோ விவசாயிக்குத் தடை இல்லை. ஆகச் சட்டப்படி துப்பாக்கிக்கு மிஞ்சியது அந்த ஒரே இலக்கு.

இனித் துப்பாக்கிப் பக்கம். பாயின்ட் 22 ரைஃபிள் வேண்டுமென்றால் கலெக்டர் அலுவலகத்தில் மனு, போலீஸ் விசாரணை அறிக்கை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பிறகு தோட்டா வாங்கும் வரம்பு என்று ஒரு நீண்ட வழி. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதைவிட முக்கியம், பயிர்ப் பாதுகாப்பு என்று 1959 ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, குழல் வாய் வழியாக மருந்து இடித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே திருகு வரி இல்லாமல் வழவழப்பாக இருக்கும் துப்பாக்கி. எலிக்காக பாயின்ட் 22 ரைஃபிள் கேட்டுப் போய் நிற்பது அர்த்தமில்லாத வேலை.

ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகள் ஒரு கோடு போட்டிருக்கின்றன. துளை 4.5 மில்லிமீட்டர், அதாவது பாயின்ட் 177, குழல் வாயில் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். வயது வந்தவர் என்பதற்கான அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். துளை பெரிதானாலோ ஆற்றல் கூடினாலோ உரிமம் வேண்டும். பில்லை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டில் யாராவது நிறுத்திக் கேட்டால் அந்தத் தாள்தான் பேசும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை "மலிவா இருக்கு" என்று யாராவது நீட்டினால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம், அது நேராகச் சிறைக்குப் போகிற வழி.

தூரத்தை அளந்தது

சித்தப்பா உட்காரப்போகிற இடம் வீட்டுத் திண்ணை. அங்கிருந்து குடோன் மூலை 12 மீட்டர், கல்கட்டு 18 மீட்டர், டார்ச் வெளிச்சத்தில் எலி எலியாகத் தெரிகிற கடைசி எல்லை 25 மீட்டர். டேப்பைப் பிடித்து அளந்து ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நட்டோம். எனக்கு இந்த ஆய்வில் முக்கியமான நேரம் அதுதான். 150 கஜத்துக்கான துப்பாக்கியைப் பற்றிய பேச்சு அந்தக் குச்சிகளோடு முடிந்துபோனது.

கணக்கையும் போட்டுக் காட்டினேன். ஏர் ரைஃபிளின் அரைக் கிராம் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, வினாடிக்கு 240 மீட்டரில் போனால் ஆற்றல் 14 ஜூல் சொச்சம். பாயின்ட் 22 எல்ஆர் தோட்டாவின் 2.6 கிராம் குண்டு 330 மீட்டர் வேகத்தில் 140 ஜூல். பாயின்ட் 17 எச்எம்ஆர் 330 ஜூல். பெருச்சாளியின் மண்டைக்கு 18 மீட்டர் தூரத்தில் 14 ஜூலே தாராளம், சரியான இடத்தில் பட்டால். மீதி ஆற்றல் எலியைக் கடந்து எங்கே போகும் என்பதுதான் கேள்வி. பாயின்ட் 22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டியும் போகக்கூடியது. நம் சரிவில் கல்கட்டுக்குக் கீழே காபிக் காடு, அதற்குக் கீழே பாதை, அதற்குக் கீழே தொழிலாளர்களின் லயன் வீடுகள். அறுவடைக் காலத்தில் இருட்டின பிறகும் ஆள் நடமாட்டம் இருக்கும். இந்த நிலத்தில் பாயின்ட் 22 சும்மா கொடுத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏர் பெல்லட்டும் சில நூறு மீட்டர் போகும், கண்ணில் பட்டால் கண் போய்விடும், அதனால் அதற்கும் பின்தடுப்பு அவசியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கியது எப்படி

ஓரளவு நம்பகமான இந்தியத் தயாரிப்பு ஏர் ரைஃபிள்கள் சுமார் எட்டாயிரம் ரூபாயிலிருந்து பதினைந்தாயிரம் வரை கிடைக்கின்றன. ப்ரெசிஹோல், எஸ்டிபி மாதிரிப் பெயர்கள் நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கும் கீழே மூவாயிரம் நாலாயிரத்தில் திருவிழாவில் பலூன் சுடுகிற ரகம் இருக்கிறது. அதில் சிலவற்றுக்குக் குழலுக்குள் வரியே இருக்காது, வழவழப்பாக இருக்கும். வாங்கும்போது குழலை மடக்கி, லோடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் குழலுக்குள் பாருங்கள். திருகு மாதிரி சுற்றிப் போகிற வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எலி அடிக்க அது உதவாது, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கிற பிசிபி வகை நல்ல துல்லியம், உதறல் இல்லை. ஆனால் ரைஃபிள் விலை அதிகம், அதோடு உயர் அழுத்தப் பம்ப் தனி, வாஷர் போனால் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும். எங்கள் பட்ஜெட்டுக்கு ஒத்துவரவில்லை, அதோடு விட்டுவிட்டோம்.

ஸ்பிரிங் வகையிலேயே வேகம் கூடின மாடலைத்தான் கடைக்காரர் எடுத்து வைத்தார். சித்தப்பாவைக் குழலை மடக்கச் சொன்னேன். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, தோள்பட்டை ஏற்கெனவே தொந்தரவு. முக்கால்வாசி வந்ததும் கை நடுங்கியது. பாதி மடங்கிய நிலையில் கை நழுவினால் குழல் விசையோடு திரும்பி வந்து விரலை நசுக்கிவிடும், அது சாதாரணக் காயமாக இருக்காது. அடுத்து நடுத்தர ஸ்பிரிங் உள்ளதைக் கொடுத்தார்கள். ஒரே இழுப்பில் நிதானமாக மடக்கினார், இடது கையால் குழலைப் பிடித்தபடியே வலது கையால் பெல்லட்டை வைத்தார். அதைத்தான் வாங்கினோம். தினமும் மடக்கப்போகிறவர் அவர், விளம்பரத்தில் போட்டிருக்கிற வேகம் இல்லை. எடை மூன்று கிலோவை ஒட்டி, விசை ரொம்ப இறுக்கமில்லாமல், தோள்கட்டை அவர் கைக்குப் பொருந்தியது.

தொலைநோக்கி வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதறும். சாதாரண ரைஃபிளுக்குச் செய்த மலிவான தொலைநோக்கியை அதில் மாட்டினால் சீக்கிரமே உள்ளே கலகலத்துவிடும். இதற்கென்றே செய்தது விலை கூட. 12, 18 மீட்டரில் முன்குறியில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்தாலே டார்ச் வெளிச்சத்துக்குப் போதும். மிச்சமான காசில் நல்ல டார்ச்சும் மூன்று வகைப் பெல்லட் டப்பாவும் வாங்கினோம்.

குறி பழக்கியது

இந்த வகைத் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். என்சிசியில் பாயின்ட் 22 ரைஃபிளைத் தோளில் அழுத்தி அசையாமல் பிடிக்கத்தான் சொல்லித்தந்தார்கள், 25 மீட்டர் ரேஞ்சில் அது சரி. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பெல்லட் குழலை விட்டு வெளியே போவதற்குள்ளேயே உதறல் ஆரம்பித்துவிடும். அதனால் முன்கட்டையை இடது உள்ளங்கையில் சும்மா கிடத்தி, தோளில் லேசாகத் தொட்டு, அது போகிற போக்கில் உதற விட வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை அதே இடத்தில் இருக்க வேண்டும். கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்ததும் சித்தப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

பழைய அட்டைப்பெட்டியில் காகிதம் ஒட்டி, மண்மேட்டில் சாய்த்து, 15 மீட்டரிலிருந்து ஒவ்வொரு டப்பாவிலும் ஐந்தைந்து பெல்லட். ஒரே துப்பாக்கி, ஒரே ஆள், ஆனால் கூர்முனைப் பெல்லட் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது, உருண்டைத் தலை அதைவிட நெருக்கம், தட்டைத் தலை ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடுகிற அளவுக்கு விழுந்தது. வேறு துப்பாக்கிக்கு வேறு பெல்லட் ஒத்துவரும், அதனால் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். தட்டைத் தலைக்கு 25 மீட்டர் தாண்டினால் நிதானம் போய்விடும், ஆனால் எங்கள் குச்சி 18இல்தான் இருக்கிறது. பட்ட இடத்தில் ஆற்றலை இறக்கிவிடும், ஊடுருவிப் போவது குறைவு, அதுவும் எங்களுக்கு நல்லது.

நாணய அளவை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், பெருச்சாளிக்குக் கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். வயிற்றில் பட்டால் அது வளைக்குள் ஓடிப்போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பயிரைத் தின்கிற பிராணியாக இருந்தாலும் அப்படிச் சாகவிடுவது எனக்குச் சம்மதமில்லை, சித்தப்பாவுக்கும் இல்லை. தலை தெளிவாகத் தெரியவில்லையென்றால் விசையைத் தொடுவதில்லை, இது அவரே வைத்துக்கொண்ட விதி.

திண்ணையில் நடப்பது

குடோன் சுவர் சிமென்ட். ஈயப் பெல்லட் சிமென்டில் பட்டால் நசுங்கும், சில நேரம் தெறிக்கும். அதனால் குடோன் மூலையில் மண் நிரப்பிய உரச்சாக்குகளை அடுக்கினோம், கல்கட்டுப் பக்கம் மண்ணைக் குவித்து மேடாக்கினோம். அந்த இரண்டு இடத்தில் இருக்கிற எலியை மட்டும்தான் சுடலாம். மேலே பார்த்துச் சுடுவது அறவே கிடையாது. உத்தரத்தில் எலி ஓடினாலும் சரி, விட்டுவிட வேண்டும்.

சாக்குக்கு முன்னால் ஒரு பிடி கருவாட்டுத் தூளும் வறுத்த நிலக்கடலையும். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாள், சிவப்பு வெளிச்சத்தில் எலிகள் அவ்வளவாக மிரளுவதில்லை. பெருச்சாளி நேராக வராது, சுவரை ஒட்டியே வரும், சாக்கின் ஓரத்தில் ஒரு தடவை நின்று மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கும், அந்த ஒரு கணம்தான் தலை அசையாமல் இருக்கும்.

செத்ததைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். எலிக்காய்ச்சல் ஒரு காரணம். இன்னொன்று ஈயம். தூக்கிப் போட்டால் கூகையும் கீரியும் வீட்டுப் பூனையும் தின்னும், பெல்லட்டும் உள்ளே போகும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்தக் காட்டுயிரைச் சுடுவதற்கும் ஈயமில்லாத குண்டுதான் என்று சட்டமே வந்துவிட்டது, காரணம் இதேதான். கூகை நமக்குக் கூலி வாங்காமல் எலி பிடிக்கிற பறவை, அதற்கு விஷம் வைப்பது நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. இதே காரணத்துக்காகத்தான் விஷ உருண்டையை நான் கடைசியில் வைக்கிறேன்.

பராமரிப்பில் ஒன்றிரண்டு சொல்லியே ஆக வேண்டும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக்கூடாது, பிஸ்டன் நேராகப் போய் முட்டும். மடக்கி இறுக்கின நிலையில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் ஸ்பிரிங் தளரும். தேங்காய் எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ காற்று அறைக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள், அழுத்தச் சூட்டில் எண்ணெய் தீப்பிடித்துப் புகை வரும், வாஷர் கெட்டுவிடும். ஐப்பசி கார்த்திகையில் மலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும், குழலின் வெளிப்புறத்தை லேசான எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் துரு ஏறாது. துப்பாக்கி பீரோவில், பெல்லட் வேறு இடத்தில், சாவி சித்தப்பா இடுப்பில். பேரப் பிள்ளைகள் லீவுக்கு வருகிற வீடு.

என்ன ஆயிற்று

துப்பாக்கி மட்டும் தோட்டத்தைக் காப்பாற்றவில்லை, அப்படி எதிர்பார்த்து வாங்கவும் இல்லை. எண்ணிக்கையில் பெரும்பகுதியைப் பிடித்தது கிட்டி என்கிற எலிப்பொறிதான். தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களில் வைக்கிற மூங்கில் கிட்டியை வரவழைத்து, திறந்திருந்த வளைகளின் வாயிலேயே நட்டோம். கல்கட்டின் பொந்துகளைச் சிமென்ட் பூசி அடைத்தோம், குடோன் கதவின் அடியில் தகரம் அடித்தோம், வாழைக்கு அடியில் கிடந்த சருகைக் கூட்டி அப்புறப்படுத்தினோம். ஆனால் கிட்டியில் ஒரு தடவை தப்பின பெரிய பெருச்சாளி மறுபடி அதன் பக்கம் வராது. பெரியவர் சொன்ன அந்த "பெரிசு" அப்படித்தான் கிட்டியைச் சுற்றிப் புதுப் பாதை போட்டுக்கொண்டு வந்தது. அதைத் தீர்த்தது திண்ணையும் ஏர் ரைஃபிளும்தான். பொறிக்கு மசியாத ஒன்றிரண்டை எடுப்பதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. அதற்கு மேல் அதனிடம் கேட்கவும் கூடாது.

இப்போதும் சாயங்காலம் வளைகளை அடைத்துக் காலையில் பார்க்கிற பழக்கத்தைச் சித்தப்பா விடவில்லை. திறந்திருப்பவை கண்ணுக்குத் தெரிந்து குறைந்துவிட்டன. ஏலச் சரத்தில் தோல் குவியல் அங்கங்கே இருக்கிறது, முன்பு போல இல்லை. பட்டர் ஃப்ரூட் முற்றியதுமே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறது.

அடுத்த கேள்வியைச் சித்தப்பா ஏற்கெனவே கேட்டுவிட்டார்: "பன்னிக்கு என்னப்பா வாங்கலாம்?" சித்தப்பா, அதுக்கு நாம எதுவும் வாங்கக் கூடாது என்று சொன்னேன். காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைச் சுடுவது வனத்துறை ஆட்களின் வேலை. விவசாயி சுட அனுமதி இல்லை, ஏர் ரைஃபிளால் பன்றியைச் சுடுவது அதைப் புண்ணாக்கி வெறியேற்றுவதில்தான் முடியும். தோட்டத்திலிருந்து காட்டு எல்லை எவ்வளவு தூரம் என்று சர்வே வரைபடத்தில் குறித்து, சேதமான வாழையின் படங்களோடு வனச்சரக அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.